ஐசோசிட்ரேட் இறங்குறவுக முன்னால வாங்க!

"ஐசோசிட்ரேட்! ஐசோசிட்ரேட் இறங்குறவுக முன்னால வாங்க. யண்ணே, அந்தக் கோழிக்கூடைய மடியில வைங்க, அது டிக்கெட் எடுக்கலை."

பின் படிக்கட்டில் ஒரு கால், உள்ளே ஒரு கால். தோளில் தோல் பை, காதுக்குப் பின்னால் பேனா, இடது கை மணிக்கயிற்றில். ஒருமுறை இழுத்தால் வண்டி நிற்கும், இரண்டு முறை இழுத்தால் கிளம்பும். அழகுத்தாய் அக்கா ஒருமுறை இழுக்கிறார். 'மலைராணி' பேருந்து வெல்லம் காய்ச்சும் ஆலை முக்கில் முனகிக்கொண்டு நிற்கிறது. நான்கு பேர் இறங்குகிறார்கள். "ஐசோசிட்ரேட்" என்று கூப்பிட்டது யாருக்கும் வேடிக்கையாக இல்லை. எட்டு மாதமாக இதைத்தான் கேட்கிறார்கள்.

கேரளத்து மறையூர் ஸ்டாண்டில் கிளம்பி, கோவில்கடவு, காந்தல்லூர், கீழாந்தூர், பள்ளநாடு என்று மலையைச் சுற்றிவிட்டு மறையூருக்கே திரும்பி வரும் வண்டி இது. ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு ஐந்து சுற்று. இந்தப் பக்கத்துத் தனியார் பேருந்துகளில் பெண் கண்டக்டர் இவர் ஒருவர்தான். பதினோரு வருடமாக இந்த வண்டியில் நின்றுகொண்டே போகிறார். கண்டக்டர் சீட் என்று ஒன்று இருக்கிறது. அதில் கேரட் மூட்டை உட்காரும், பிள்ளைத்தாய்ச்சி உட்காருவாள், ஒரு நாள் ஒரு ஆட்டுக்குட்டிகூட உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அக்கா உட்கார்ந்து பார்த்ததில்லை. பையைக் கழற்றியும் பார்த்ததில்லை. டீக்கடையில் நின்று டீ குடிக்கும்போதும் அது தோளில்தான் கிடக்கும்.

"எறக்கி வச்சா எந்திரிக்க மாட்டேன்" என்பார்.

அவருக்கு முப்பத்து நாலு வயது. பிளஸ் டூவில் எல்லாப் பாடமும் தேறி, உயிரியல் மட்டும் நின்றுபோனது. அப்போது அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆனது, வண்டியில் ஏறினார். மூன்று வருடத்துக்கு முன்பு காந்தல்லூர் ஏற்றத்தில் ஒரு சின்னக் குழந்தைக்கு வண்டிக்குள்ளேயே வலிப்பு வந்தது. பெற்றவள் கத்த, ஒருவர் சாவியைத் தேட, ஒருவர் தண்ணீரை வாயில் ஊற்றப் பார்க்க, அக்கா எல்லோரையும் ஓர் அதட்டலில் விலக்கிவிட்டுக் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். "எத்தன நிமிசம்?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "மூணு நிமிசம், இருவது செகண்டு" என்றார். நர்ஸ் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க ஏன் டிக்கெட் கிழிச்சிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாராம்.

அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நர்ஸ் படிப்புக்கு விசாரித்தார். பிளஸ் டூ வேண்டும். முப்பத்தைந்து வயதுக்குள் சேர வேண்டும். ஓப்பன் ஸ்கூலில் உயிரியல் மட்டும் எழுதினார். முதல் தடவை ஐந்து மதிப்பெண்ணில் போனது, இரண்டாவது தடவை மூன்றில். இரண்டு தடவையும் ஒரே கேள்வி காலை வாரிவிட்டது. அது சிட்ரிக் அமில சுழற்சி. அடுத்த வருடம் அவருக்கு வயது தாண்டிவிடும். ஆக, இந்தத் தடவைதான் கடைசி.

"புக்கு மலையாளம், மண்ட தமிழு. நடுவுல நான் படுற பாடு ஒனக்கெங்க தெரியும்?" என்று மூன்றாவது சீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என்னிடம் அவர் கேட்டதுதான் எங்கள் பழக்கத்தின் ஆரம்பம். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஜன்னலு'. இரண்டு மொழியும் படித்தவள் என்பதால், அவருடைய பாடப் புத்தகத்தில் மலையாளச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் தமிழ் எழுதிக்கொடுத்தேன். மற்றதெல்லாம் அவரே செய்துகொண்டது.

செய்துகொண்டது இதுதான். நாம் தின்கிற சர்க்கரை உடம்பின் செல்லுக்குள் போய்த் துண்டு துண்டாகி, கடைசியில் இரண்டு கார்பன் உள்ள ஒரு சிறு துண்டாக வந்து நிற்கிறது. அங்கே நான்கு கார்பன் உள்ள ஓர் அமிலம் அதற்காகக் காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆறு கார்பன் உள்ள சிட்ரிக் அமிலமாகிக் கிளம்புகிறது. அது வழியில் எட்டு உருவம் எடுக்கிறது. இரண்டு இடத்தில் ஒவ்வொரு கார்பன் கழன்று கரிவாயுவாக வெளியேறுகிறது. கடைசியில் பழைய நான்கு கார்பன் அமிலமாகவே புறப்பட்ட இடத்துக்கு வந்து, அடுத்த துண்டுக்காக நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் வெளிப்படுகிறது.

இதைப் பத்தாவது முறை படித்தபோது அக்கா புத்தகத்தை மூடிவிட்டு, "அட, இது நம்ம டிரிப்பு" என்றார்.

அன்றைக்கே எட்டு நிறுத்தங்களுக்கும் பெயர் மாறியது. மறையூர் ஸ்டாண்ட், ஆக்சலோஅசிட்டேட். பெட்ரோல் பங்க், சிட்ரேட். ஆலை முக்கு, ஐசோசிட்ரேட். கோவில்கடவுக்கு வந்த ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் நீளமாக இருந்ததால் 'ஆல்ஃபா' ஆனது. பள்ளிக்கூட முக்கு சக்சினைல், காந்தல்லூர் சக்சினேட், கீழாந்தூர் ஃபியூமரேட், பள்ளநாடு மாலேட். பிறகு மறுபடியும் ஸ்டாண்ட். ஒரு நாளைக்கு ஐந்து சுற்றும் உரக்கக் கூவினால் எப்படி மறக்கும்?

ஒரு வாரத்தில் சனமும் பழகிவிட்டது. "ரெண்டு ஃபியூமரேட், ஒரு மாலேட்" என்று டிக்கெட் கேட்க ஆரம்பித்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த சுற்றுலா இளைஞர் ஒருவர் கைபேசியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, சக்சினேட்னு ஒரு ஊர் மேப்புலயே இல்லீங்களே?" என்றார்.

"உள்ளுக்குள்ள இருக்குய்யா. ஒங்களுக்கும் இருக்கு. வழிய விடுங்க."

பால் கேனும் பாடத்துக்குள் வந்துவிட்டது. வழியில் உள்ள வீடுகள் வண்டியில் பால் ஏற்றிவிடும், மறையூர் சொசைட்டியில் இறக்கிக்கொள்வார்கள். சுழற்சியிலும் அப்படித்தான். வெளிப்படும் ஆற்றலை அங்கேயே செலவழிக்காமல் சில மூலக்கூறுகள் சுமந்துகொண்டு வேறு இடத்துக்குப் போகின்றன. அங்கேதான் அது செல்லுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுகிறது. "ஒரு ரவுண்டுக்கு மூணு பெரிய கேனு, ஒரு சின்ன கேனு. அப்பறம் அங்கனயே குடிக்க ஒரு டம்ளரு. இம்புட்டுத்தேன் கணக்கு. ஒரு சர்க்கரைக்கு ரெண்டு ரவுண்டு அடிக்கணும்." புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அவருடைய கணவர் சுருளிவேல் ஆலை முக்கில்தான் வெல்லம் காய்ச்சுகிறார். காலை பத்தே முக்கால் சுற்றில் வண்டி நின்றதும், இலையில் சுருட்டிய சூடான வெல்லக்கட்டி ஒன்று ஜன்னல் வழியாக வந்து விழும். குறி பெரும்பாலும் தப்பாது. தப்பினால் என் மடியில் விழும்.

"ஏ சிட்ரேட்டு! இன்னைக்காவது மனசுல நின்னுச்சா?" என்று கொப்பரைக்குப் பக்கத்திலிருந்து கத்துவார்.

"ஒங்க அடுப்ப மொதல்ல பாருங்க. கரும்புச் சக்கைய மொத்தமாப் போட்டு மொத்தமா எரிக்கிறீக. பாதிச் சூடு வானத்துக்குப் போகுது. ஒடம்பு அப்பிடியா செய்யுது? எட்டு ஸ்டாப்புல, பைய பைய, சூடு ஆளச் சுடாம எரிக்குது."

"அப்ப ஒன் ஒடம்புலயே வெல்லம் காச்சிக்க!"

டிரைவர் பாண்டீஸ்வரன் அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் சிரிக்காதவர். அவருக்கும் பாடம் உண்டு. "அண்ணே, நீங்க மூச்சு விடுறீகள்ல, அந்தக் காத்து என்ன தெரியுமா? நம்ம வண்டியில எறங்குன ஆளுகதேன்." அவர் அன்றைக்கு முழுக்கக் கொஞ்சம் ஜாக்கிரதையாக மூச்சு விட்டார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜிஸ்மி டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பள்ளிக்கூட முக்கில் இறங்கும் உயிரியல் ஆசிரியை அவர். மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசுவார். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

"சேச்சி, ரெண்டு கார்பன் புதுசா ஏறுது. ரெண்டு கார்பன் இறங்குது. இறங்குறது ஏதாணு, எந்த ரெண்டு?"

"இதென்ன கேள்வி டீச்சர்? ஏறுன ரெண்டுதேன் எறங்கும்."

"அல்ல."

"என்ன அல்ல?"

"அந்த ரவுண்டில இறங்குறது பழைய ஆளு. புதுசா ஏறின ரெண்டும் உள்ளே இருக்கும். அடுத்த ரவுண்டு முதல்தான் இறங்க ஆரம்பிக்கும். போன ரெண்டு தடவையும் நீங்க இங்கேதான் தப்பா எழுதியிருப்பீங்க."

அக்காவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடித்துவிட்ட முகம் அது. "அதெப்பிடி? ஸ்டாண்டுல ஏறுனவன் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள எறங்கணும். பதினோரு வருசமா நான் ஏத்தி எறக்குறேன். ஏறுன ஆளு உள்ளயே இருந்தா அது பஸ்ஸா, குடித்தனமா?"

"புஸ்தகம் அப்படித்தான் சொல்லுது, சேச்சி."

"புக்குல பஸ்ஸே ஓட்டலையே!"

டீச்சர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அக்கா சிரிக்கவில்லை. அன்று மாலை புத்தகத்தைத் திறந்து என்னிடம் காட்டி, "ஜன்னலு, நீ வாசி" என்றார். வாசித்தேன். டீச்சர் சொன்னதுதான் இருந்தது. "மனப்பாடம் பண்ணி எழுதிரலாம். ஆனா கை எழுதாது. பொய் டிக்கெட்டு கிழிக்கிற மாதிரி இருக்கு" என்றார். நான்கு நாள் நிறுத்தங்களுக்குப் பழைய பெயரே வந்தது. கோவில்கடவு, காந்தல்லூர், கீழாந்தூர். சனத்துக்கு அது பிடிக்கவில்லை. "என்னத்தா, ஆல்ஃபாவ எங்க கொண்டுபோய் விட்ட?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்கள்.

இங்கே இரண்டு பெண்களைச் சொல்ல வேண்டும். ஜானகியம்மாள், கோவில்கடவில் பஜ்ஜிக் கடை. ராமலட்சுமி மதினி, பள்ளிக்கூட முக்கில் மூன்று மாடு. இருவரும் காலையில் மறையூர் சந்தைக்கு வந்துவிட்டு, பன்னிரண்டரைச் சுற்றில் ஸ்டாண்டில் சேர்ந்தே ஏறுவார்கள். ஜானகியம்மாளின் ஊர் இருபது நிமிடத்தில் வந்துவிடும், மதினியின் ஊர் அதற்கு அடுத்தது. இருவரும் இறங்க மாட்டார்கள். வீட்டில் தகரக் கூரை, நடு மத்தியானம் அடுப்பு மாதிரி இருக்கும். வண்டியில் மலைக்காற்று. ஜன்னலில் தலையைச் சாய்த்துக் காந்தல்லூர், கீழாந்தூர், பள்ளநாடு என்று ஒரு முழுச் சுற்றும் தூங்கிவிட்டு, மறுபடி ஸ்டாண்ட் தாண்டி, இரண்டாவது சுற்றில்தான் அவரவர் ஊரில் இறங்குவார்கள். பஜ்ஜிக்கும் மாட்டுக்கும் மூன்று மணிக்குத்தான் வேலை. தூக்கத்துக்கு அக்கா டிக்கெட் போடுவதில்லை.

அது ஒரு சனிக்கிழமை. எனக்கு அரை நாள் வேலை. வேலை முடிந்து பதினொன்றரைக்குக் காந்தல்லூரில் ஏறினேன், சந்தைக்கூட்டத்தால் வண்டியே மெதுவாகத்தான் போனது. ஸ்டாண்டில் நான் இறங்கவில்லை. வெயிலுக்கு எனக்கும் ஒரு சுற்று போகலாம் என்று தோன்றியது. ஜானகியம்மாளும் மதினியும் ஏறினார்கள். ஆலை முக்குக்கு முன்பே இருவரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்கள். கோவில்கடவில் ஒற்றை மணி அடித்தது. இறங்கியது பள்ளநாட்டில் ஏறியிருந்த ஒரு பெரியவர். பள்ளிக்கூட முக்கில் மறுபடி ஒற்றை மணி. இறங்கியவர் கீழாந்தூரில் ஏறியிருந்த ஒரு தபால்காரர். இருவரும் போன சுற்றின் ஆட்கள்.

இரட்டை மணி அடிக்கவில்லை.

பாண்டீஸ்வரன் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். அக்கா கயிற்றைப் பிடித்தபடி தூங்குகிற இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தபால்காரர் போன திசையைப் பார்த்தார். மறுபடி தூங்குகிறவர்களைப் பார்த்தார்.

"என்னத்தா, போவமா?"

"அண்ணே... ஏறுனது இவுக. எறங்குனது அவுக."

"யாரு?"

"ஏறுன ரெண்டும் குறட்டை விடுதுண்ணே! எறங்குனது போன ரவுண்டு ஆளு!" என்று கத்தினார். அந்தக் கத்தலில் ஜானகியம்மாள் விழித்துக்கொண்டு, "கோவில்கடவா?" என்றார்.

"இல்ல பெரியம்மா, நீங்க தூங்குங்க. இந்த ரவுண்டு எறங்கிராதீக, ஒங்களக் கும்பிடுறேன். அடுத்த ரவுண்டுதேன் ஒங்களுக்கு."

திங்கட்கிழமை ஜிஸ்மி டீச்சர் ஏறியதும் ஏறாததுமாக அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். டீச்சர் கையில் இருந்த குடையைத் தட்டிச் சிரித்தார். "இன்னொரு காரியம் உண்டு, சேச்சி. அந்த ரெண்டில ஒரு கார்பன் ரெண்டாவது ரவுண்டில இறங்கிப் போகும். மற்றதுக்கு இன்னும் நேரம் ஆகும். மூணாவது, நாலாவதுன்னு போகும்."

அக்கா யோசிக்கவே இல்லை. "அது ராமலட்சுமி மதினி. எழுப்பினாலும் எந்திரிக்காது."

அன்றிலிருந்து ஆல்ஃபா திரும்பி வந்தது.

பரீட்சை அடிமாலியில் நடந்தது. பதினோரு வருடத்தில் பரீட்சைக்குத் தவிர வேறு எதற்கும் அவர் விடுப்பு எடுத்ததில்லை. மறுநாள் காலையில் படியில் நின்று, "கேட்டுட்டாக!" என்றார். நீளமான கேள்வி, படம் வரைந்து விளக்கச் சொல்லியிருந்தார்களாம். "வட்டத்தப் போட்டேன். எட்டு ஸ்டாப்பையும் குறிச்சேன். ஆலை முக்குன்னு எழுதப்போய் அடிச்சுட்டு ஐசோசிட்ரேட்டுன்னு எழுதுனேன். எறங்குறது பழைய கார்பன்னு அடிக்கோடு போட்டு எழுதிட்டு வந்துருக்கேன். பக்கத்துல ரெண்டு பொம்பள தூங்குற மாதிரி வரையலாம்னு கை அரிச்சுச்சு. வரையலை."

முடிவு வருவதாகச் சொன்ன நாளில் வண்டியில் வழக்கத்தை விடக் கூட்டம் அதிகம். வேலை இல்லாதவர்களும் ஏறியிருந்தார்கள். மத்தியானச் சுற்று முழுக்கத் தூங்குகிற ராமலட்சுமி மதினி காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார், கண்ணை அகல விழித்துக்கொண்டு. ஆலை முக்கில் வெல்லக்கட்டியை வீசாமல் சுருளிவேலே வண்டியில் ஏறிக்கொண்டார். கையில் கொப்பரை கிண்டிய பிசுக்கு. "அடுப்ப யாரு பாக்குறது?" என்று அக்கா கேட்டதற்கு, "பைய பைய எரியட்டும்" என்றார்.

மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. காந்தல்லூருக்கும் கீழாந்தூருக்கும் நடுவில் ஒரு வளைவில் மட்டும் எதிர்மலையின் கோபுரம் நேராகத் தெரியும். அங்கே மணி அடிக்காமலே பாண்டீஸ்வரன் அண்ணன் வண்டியை நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவந்தார்.

அக்கா கைபேசியை வெளியே எடுத்தார். பரீட்சை எண்ணை அடித்தார். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சுற்றுவது நின்றது. அவர் பார்த்தார். கையை நீட்டிக் கைபேசியைக் கணவரிடம் கொடுத்தார்.

சுருளிவேல் பிசுக்குக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாக வாசித்தார். "பயாலஜி. அறுபத்தி எட்டு. பாஸு."

வண்டிக்குள் என்ன சத்தம் எழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஜானகியம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினார். மதினி விரல் விட்டு விசில் அடித்தார், அவருக்கு விசில் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பாண்டீஸ்வரன் அண்ணன் ஹாரனை விடாமல் அடித்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே மணி ஒருமுறை அடித்தது.

வண்டி நின்றது. பாண்டீஸ்வரன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "யாரு எறங்குறது? இங்க ஸ்டாப்பே இல்லையேத்தா."

"நாந்தேன்."

தோளிலிருந்து பையைக் கழற்றி என் மடியில் வைத்தார் அக்கா. அது நான் நினைத்திருந்ததை விடக் கனமாக இருந்தது. படியில் இறங்கி, ரோட்டில் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். ஒரு மூச்சை நீளமாக வெளியே விட்டார். பிறகு மறுபடி ஏறி, பையைத் திருப்பிக் கேட்காமலே, கயிற்றை எட்டிப் பிடித்து இரண்டு முறை இழுத்தார்.